இலையைத் திரும்பக் கொட்டச் சொன்ன துரை

என்னோடு ஒரே கப்பலில் மலாயாவுக்கு வந்தவர்கள் தங்கள் வேலையைக் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஒருவர் ரயில் பாலத்தைக் காட்டி, "அந்தத் தூணுக்கு நான் கல் சுமந்தேன்" என்பார். இன்னொருவர் கிள்ளான் போகும் ரோட்டைக் காட்டி, "இதுக்கு ஜல்லி அடிச்சவன் நான்" என்பார். நான் காட்ட ஒன்றும் இல்லை. நான் செய்தது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அதைச் சரியாகச் செய்தேனா, செய்ததற்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் பென்ஷன் வாங்கி உட்கார்ந்த பிறகும் எனக்கு விளங்கவில்லை.

அம்பாங் பக்கத்து மலைக்காட்டில் அருவிக்குப் போகும் பாதையைச் சிமெண்டு போட்டு அகலமாக்கப் போகிறார்களாம். மோட்டார் கார் பாதி தூரம் ஏறுமாம். பிரிக்பீல்ட்ஸ் படிப்பகத்துத் தம்பிகள் இதைக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார்கள். "ஐயா, முதல்ல அந்தப் பாதையப் போட்டது நீங்களாமே. எப்படிப் போட்டீங்க, எழுதிக் கொடுங்க" என்றார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கும்பிடும் முருகன் முன்னால் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிறு வயதில் ரயில் பாதைக்கு மண் வெட்டினேன். பிறகு காட்டு இலாகாவில் கூலியாகச் சேர்ந்தேன். எல்லைக்கோடு வெட்டுவது, நாற்று நடுவது, தீ பிடித்தால் அணைப்பது என்று சில வருஷம் போனது. குடிக்காதவன், கணக்கில் கை வைக்காதவன் என்று பேர் இருந்ததால் மண்டோராக்கினார்கள். மண்டோர் என்றால் கூலிகளை வைத்து வேலை வாங்குகிறவன். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும்.

அந்தச் சமயத்தில்தான் புதிய துரை வந்தார். நெட்டையான மனிதர், வயசு அதிகமில்லை. முழங்காலுக்குக் கீழே எப்போதும் அட்டை கடித்த ரத்தம் வழிந்துகொண்டிருக்கும், துடைக்கமாட்டார். தமிழைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர். அதனால் அவர் பேச்சு பள்ளிக்கூட வாத்தியார் பாடம் படிப்பதுபோல் இருக்கும். கோபித்துப் பேசமாட்டார். ஒரு விஷயத்தை ஒரு தடவை சொல்வார். பிறகு நாம் செய்து முடிக்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். திட்டினால்கூடத் தாங்கலாம். அந்த நிற்பைத் தாங்க முடியாது.

முதல் நாள் மலையடிவாரத்தில் எங்களை நிறுத்திச் சொன்னார்: "மண்டோர், இந்தக் காட்டை இனி யாரும் வெட்டக் கூடாது. ஆனால் ஜனங்கள் வந்து பார்க்கலாம். அருவி வரைக்கும் ஒரு வழி வேண்டும். வழி தெரியக் கூடாது."

"தெரியாட்டி எப்படித் துரை வருவாங்க?" என்று கேட்டேன்.

"நடப்பவருக்குத் தெரிய வேண்டும். காட்டுக்குத் தெரியக் கூடாது" என்றார்.

என் பக்கத்தில் சடையன் நின்றிருந்தான். என் கூட்டத்தில் நல்ல வேலைக்காரன், வாய் மட்டும் சும்மா இருக்காது. துரை அந்தப் பக்கம் போனதும், "அண்ணே, கக்கூசு மறைவா இருக்கணும்னா எனக்குப் புரியுது. பாதைக்கு என்னாண்ணே வெட்கம்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்தானே பதில் சொல்ல வேண்டியவன்.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். மற்ற இடத்தில் வெயில் நாள் பார்த்து அளப்பார்கள். துரை நல்ல மழை கொட்டும்போது எங்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு மீதி இடத்தில் பிரம்பு நாரைச் செடியில் கட்டச் சொன்னார். சாயம் பூசக் கூடாது, மரத்தில் பாராங் கத்தியால் கொத்தி அடையாளம் வைக்கக் கூடாது. தொடை அளவுக்கு மேல் பருத்த மரம் குறுக்கே வந்தால் பாதைதான் ஒதுங்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "திரும்பிப் பார். என்ன தெரிகிறது?" என்று கேட்பார். முந்தின திருப்பம் தெரிந்தால் நாரை அவிழ்த்து வேறு பக்கம் கட்ட வேண்டும். முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் பார்க்கக் கூடாதாம்.

பாதை ஒருவர் பின் ஒருவராகப் போகும் அகலம்தான். அருவிக்குக் கொஞ்சம் கீழே மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை. அதற்குக் குழி தோண்டிக் கால் நடக் கூடாது, தட்டைக் கல்லின் மேல் கால்களை நிறுத்தி அத்தாப்பு ஓலைக் கூரை போட வேண்டும். சுவர் கிடையாது. விழுந்து கிடந்த மரத்தின் மேல்பக்கத்தைச் செதுக்கினால் அதுதான் பெஞ்சு, ஓடையைத் தாண்டப் பாலமும் அதுதான். கக்கூசு ஓடைக்கு எட்டாத இடத்தில், மூடி போட்ட குழியாக, பக்கத்தில் சாம்பல் நிரப்பிய டின்னோடு.

இதையெல்லாம்கூட ஒருவழியாக ஒத்துக்கொள்ளலாம். இலை விஷயம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. பாதை வெட்டும் இடத்தில் கிடக்கும் காய்ந்த இலையை முதலில் கோணிச் சாக்கின் மேல் வாரி வைக்க வேண்டும். மண்ணைச் சரிசெய்து, ஓரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு, அதே இலையைத் திரும்பக் கொண்டுவந்து மேலே கொட்ட வேண்டும். தினமும் சாயங்காலம் கொட்டி முடித்த பிறகுதான் இறங்கலாம். ஒரு நாள் மழை வருகிறதே என்று கொட்டாமல் இறங்கப் பார்த்தோம். துரை மழையில் தொப்பியில்லாமல் நின்றுகொண்டே இருந்தார். திரும்பி ஏறிப்போய்க் கொட்டினோம்.

"குப்பையக் கூட்டச் சொல்ற துரையப் பாத்திருக்கேன். கூட்டின குப்பையக் கொட்டச் சொல்ற துரைய இப்பதான்ணே பாக்கிறேன். ஊருக்கு எழுதினா நம்பமாட்டாங்க" என்றான் சடையன். அன்றிலிருந்து அவருக்கு எங்களுக்குள் இலைத்துரை என்று பேர்.

ஏன் இப்படி என்று அவரிடம் கேட்கவேண்டும் என்று பலதடவை நினைத்தேன். துரையிடம் ஏன் என்று கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்காமலே இரண்டு வருஷம் இலை கொட்டினேன்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். நம் ஆட்கள் புதுக்காட்டில் கால் வைத்தால் முதலில் காவல் தெய்வத்துக்கு ஒரு கல் எடுத்து வைத்துத்தான் கத்தியைத் தொடுவார்கள். நாங்களும் கொட்டகை கட்டவிருந்த இடத்துக்கு மேலே, பலகை பலகையாக வேர்விட்ட பெரிய மரத்தடியில், ஓடையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து முனியாண்டியாக வைத்தோம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினோம். துரை பார்த்துவிட்டார். அவர் கல்லைச் சுற்றி வந்து, "இது இந்தக் காட்டின் கல்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் இருக்கட்டும். நெருப்பு மட்டும் சிறிதாக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் குடும்பம் அப்போது மலையடிவாரத்துக் கூலி லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருந்தது. என் மகள் பார்வதிக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மலைச்சுரம் கண்டது. ஆஸ்பத்திரியில் கசப்பு மருந்து கொடுத்தார்கள். குடித்ததையெல்லாம் கக்கினாள். கண் செருகிவிட்டது. என் சம்சாரம் செல்லம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் தடுக்கத் தடுக்க மலையேறினாள். முனியாண்டி முன்னால் நின்று, "எம் புள்ளயக் குடுத்துடு. அவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் வெள்ளிக்கெழம தவறாம ஒன் வாசலப் பெருக்கிக் கோலம் போடறேன்" என்று சொல்லி, அங்கேயே முந்தானையால் கல்லுக்கு முன்னால் இருந்த இலையைத் தள்ளிப் பெருக்கினாள். பிள்ளை பிழைத்தது. மருந்தினாலா, முனியாண்டியாலா என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் கொடுத்தவன் ஒருவன்தான்.

அதன் பிறகு வெள்ளி தவறாமல் செல்லம்மாள் விளக்குமாற்றோடு ஏறுவாள். விஷயம் லயத்தில் பரவியது. மற்றப் பெண்களும் ஆளுக்கு ஒரு வேண்டுதலோடு வந்தார்கள். நம் பெண்களுக்குத் தெரியாதா, சாமி இருக்கும் இடம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று. மரத்தைச் சுற்றி ஒரு இலை கிடக்காமல் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டுவிட்டு வருவார்கள். காட்டுக்கு நடுவில் அந்த இடம் மட்டும் வீட்டு வாசல்போல் பளிச்சென்று இருக்கும். பார்க்க எனக்கே மனசு குளிரும். பாதையும் கொட்டகையும் முடிந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரக் குடும்பங்களும் சீனத் தவுக்கே முதலாளிமாரும் நம்மவர்களும் வர ஆரம்பித்தார்கள்.

வேறு வேலையாக வெளியூர் போயிருந்த துரை, பல மாதம் கழித்துப் பார்க்க வந்தார். மரத்தடிக்கு வந்ததும் நின்றார். அண்ணாந்து பார்த்தார். ஒரு பக்கத்துக் கிளைகளில் இலை மஞ்சளாகி உதிர்ந்திருந்தது. நான் அதுவரை அண்ணாந்து பார்க்கவே இல்லை. துரை முழங்காலிட்டு, பெருக்கிய தரையைக் கையால் தடவினார். மழையில் மண் கரைந்து, மயிர் மயிராகச் சிறு வேர்கள் வெளியே வந்து காய்ந்து கிடந்தன.

"யார் இங்கே பெருக்குகிறார்?"

"பொண்டுக, துரை. சாமி வாசல்."

"வாசல் எங்கே? வீடு எங்கே?" என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இலை போனால் மண் போகும். மண் போனால் மரம் சாகும். செத்த மரம் விழும். கீழே கொட்டகையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். நான் அடுத்தமுறை வரும்போது இங்கே இலை இருக்கவேண்டும். இல்லையென்றால் கல் கீழே ரோட்டோரம் போகவேண்டும்."

வீட்டுக்கு வந்து செல்லம்மாளிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் பார்வதிக்குக் கண் செருகிய அன்று இருந்த மாதிரி ஆகிவிட்டது.

"நான் பெருக்கறத விட்டா புள்ளைக்கு என்னாகும்னு ஒங்க துரையக் கேட்டீங்களா?"

"அவருக்கு என்ன தெரியும், செல்லம்?"

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்ல?"

"பத்துமலைக்குக் காவடி எடுத்துடறேன். அதோட இத முடிச்சுக்குவோம்."

"சொன்னது முனியாண்டிகிட்ட. முருகன்கிட்டப் போய் எப்படி முடிக்கிறது? நீங்க ஒரு துரைகிட்ட வாங்கின வேலைய இன்னொரு துரைகிட்ட முடிச்சுக் குடுப்பீங்களா?"

பெருக்கினால் மரம் சாகும். மரம் விழுந்தால் முனியாண்டியும் போச்சு, யாராவது பெற்ற பிள்ளைகளும் போச்சு. பெருக்காவிட்டால் வாக்குத் தவறும், என் பிள்ளைக்கு என்னவாகுமோ. இரண்டு பக்கமும் பிள்ளைகள்தான். சாமியே தன் மரத்தைச் சாகவிடுமா? அப்படியானால் துரை சொல்வது பொய்யா? அந்த வேர்களை நான் கண்ணால் பார்த்தேனே. டவுன் கோவில் குருக்களிடம் போய்க் கேட்டேன். அவர் "காட்டுத் தெய்வத்துக்கு என்ன விதின்னு நான் படிச்சதில்லேப்பா" என்று சொல்லி விபூதி கொடுத்தார். நெற்றியில் பூசிக்கொண்டு, போனபோது இருந்த குழப்பத்தோடேயே திரும்பினேன்.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்போம் என்று செல்லம்மாள்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் ஏறினோம். அந்தப் பக்கம் வேலையாக இருந்த சடையனும் வந்து நின்றான். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் வெளியே தெரியாமல் மடித்துக் கட்டி, கல்லுக்கு முன்னால் வைத்தாள். வெள்ளை வந்தால் பெருக்குவதை நிறுத்தச் சாமி உத்தரவு. சிவப்பு வந்தால் பெருக்கவேண்டும். துரை என்ன செய்தாலும் செய்யட்டும், என் வேலை போனாலும் போகட்டும் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். சூடம் காட்டிவிட்டு, "போடா கண்ணு, ஒண்ணு எடுத்தாந்து அம்மாட்டக் குடு" என்று பார்வதியை அனுப்பினாள்.

பார்வதி போனாள். குனிந்தாள். வலது கையில் ஒன்றும் இடது கையில் ஒன்றுமாக இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஒண்ணுடா, ஒண்ணு" என்றேன்.

இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பிடுங்கப் போனேன், அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பாப்பா வெவரந்தான்ணே, ரெண்டும் வேணுங்குது" என்றான் சடையன். அவனை அறைந்துவிடலாம் போல இருந்தது எனக்கு. உத்தரவு கேட்க வந்தால் இதற்கு என்னவென்று அர்த்தம் எடுத்துக்கொள்வது? திரும்பக் கட்டி வைக்கலாமா? சாமியிடம் இரண்டாம் தடவை கேட்டால் நம்பவில்லை என்றாகாதா?

செல்லம்மாள் பிள்ளையின் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு, "ரெண்டும்தான்" என்றாள்.

"என்ன ரெண்டும்?"

சடையன் தோளில் கிடந்த கோணிச் சாக்கை வாங்கித் தரையில் விரித்தாள். போன வாரத்துக்குப் பிறகு உதிர்ந்திருந்த இலையைப் பெருக்கிச் சாக்கின் மேல் சேர்த்தாள். எப்போதும்போல் சாணம் தெளித்துக் கோலம் போட்டாள். மூன்று சுற்று வந்து விழுந்து கும்பிட்டாள். எழுந்து, சாக்கை இழுத்து, அந்த இலை அத்தனையையும் கோலத்தின் மேலேயே கொட்டினாள். போதவில்லை என்று காட்டுக்குள் போய் இன்னும் இரண்டு சாக்கு வாரிக்கொண்டு வந்து வேர்மேல் பரப்பினாள்.

"அய்யய்யோ, அக்கா! கோலத்து மேல குப்பையவா கொட்டறீங்க?" என்று சடையன் பதறினான்.

"ரெண்டு வருசமா நீங்க செஞ்ச வேலதானேடா. அப்பப் பதறலியே நீ" என்றாள்.

அவள் செய்தது பூசையா, குற்றமா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அன்றிரவு பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. அடுத்த வாரமும் சுடவில்லை. மற்றப் பெண்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள்.

துரை அடுத்தமுறை வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை. நாங்கள் ஏறிப் போனபோது பெண்கள் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாற்றைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. ஆனால் வழக்கம்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கோலம் போட்டார்கள், கும்பிட்டார்கள், பிறகு சாக்கை இழுத்து இலையைக் கொட்டினார்கள். அவர்கள் போன பிறகு துரை தன் கைத்தடியால் இலையை மெல்ல விலக்கினார். அடியில் கோலம் இருந்தது. திரும்ப மூடினார்.

"மண்டோர், திரும்பக் கொட்டுவதானால் எதற்காகப் பெருக்குகிறார்கள்?"

நான் எப்படித் துணிந்தேனோ தெரியாது. "துரை, ரெண்டு வருஷமா அதத்தான் நான் உங்களக் கேக்கணும்னு இருந்தேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறேன் என்று நினைவு வந்தது. துரை என்னையே பார்த்தார். பிறகு செதுக்கிய மரத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நீ ஏன் கேட்கவில்லை?"

"நீங்க துரை."

"எனக்கும் ஒரு துரை இருந்தார்" என்றார். "அவர்தான் கொட்டச் சொன்னார். போன தடவை இந்த மரத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அதுவரை நானும் கேட்கவில்லை." காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து இறங்கினார். கல்லைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை.

மஞ்சளாகிய பக்கத்துக் கிளைகள் பட்டுப்போயின. அவற்றை நாங்களே ஏறி, கயிறு கட்டி இறக்கினோம். மறுபக்கம் தளிர்த்தது. மரம் இன்றும் நிற்கிறது. இலையால் நின்றதா, முனியாண்டி நிறுத்தினாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பார்வதி பள்ளிக்கூடம் போன அன்று செல்லம்மாள் கடைசியாக ஒருதடவை பெருக்கி, கோலமிட்டு, இலையைக் கொட்டிவிட்டு வந்தாள். துரை அதற்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார். நாங்களும் பிறகு பிரிக்பீல்ட்ஸ் வந்துவிட்டோம்.

சிமெண்டுப் பாதை சரியா என்று தம்பிகள் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாளாக எழுதியதைச் செல்லம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. மலையேறிப் பல வருஷம் ஆகிறது.

"சிமெண்டு போட்டா நல்லதுதாங்க. காரு பாதி தூரம் போகும்னா, நானும் மெதுவா நடந்து முனியாண்டிய ஒரு தடவ பாத்துட்டு வந்துடுவேன்" என்றாள்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டேன். கொஞ்சநேரம் கழித்து அடுப்படியிலிருந்து அவளே கேட்டாள்:

"ஏங்க, அந்தச் சிமெண்டுல எல விழுந்தா, அப்பறம் அவங்க பெருக்குவாங்களா?"

"பெருக்குவாங்க."

"பெருக்கி எங்க கொட்டுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவையாவது யாரையாவது கேட்டுவிட வேண்டும்.